ஓ.டி.பி. வராத ஊர்!

செமஸ்டர் ஜுரம் எப்படி இருக்கு? இந்த வாரம் உங்களுக்கு ஒரு குட்டி டெஸ்ட். பிட், மைக்ரோ ஜெராக்ஸ், பக்கத்து பெஞ்சு பார்வை எல்லாமே அலவுடு. மொத்தம் மூணே கேள்விதான்.

ஒண்ணு: உங்க சொந்த ஊருக்குப் பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர்?

ரெண்டு: அங்கேயிருந்து திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

மூணு: உங்க அப்பத்தா வீட்டுல எந்த மூலையில நின்னா போனுக்கு சிக்னல் கிடைக்கும்?

மூணுக்கும் டக்குனு பதில் வந்தா, கையைக் கொடுங்க! முழிக்கிறவங்க இந்தக் கட்டுரையை முழுசாப் படிங்க. ஏன்னா 2020, 2021ல யாருக்கு வைத்தியம் கிடைச்சது, யாருக்குக் கிடைக்கலைங்கிறதைப் பெரும்பாலும் இந்த மூணு கேள்விதான் முடிவு பண்ணிச்சு.

இப்ப காலேஜ்ல இருக்குற உங்கள்ல பாதிப் பேர் அப்போ 'ஆல் பாஸ்' பேட்ச். பரீட்சை இல்லாம பாஸான சந்தோஷமும், மொட்டை மாடி கிரிக்கெட்டும், ஆன்லைன் கிளாஸ்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கினதும் ஞாபகத்துல இருக்கும். அதே நாட்கள்ல, உங்க ஊர்ல இருந்து ரெண்டு பஸ் தள்ளி இருந்த ஊர்கள்ல என்ன நடந்ததுன்னு பார்ப்போமா?

கிருமிக்குத் தெரியாது... சரி, நமக்கு?

'கொரோனாவுக்கு ஏழை, பணக்காரன் வித்தியாசம் கிடையாது.' அந்த நாட்கள்ல டி.வி.யில எல்லாரும் சொன்ன டயலாக் இது. பாதி உண்மை. கிருமி ஆள் பார்த்து ஒட்டுவதில்லை. ஆனா ஒட்டின பிறகு நடப்பது எல்லாமே ஆளைப் பொறுத்தது. டெஸ்ட் எடுக்க எவ்வளவு தூரம் போகணும், ஆக்சிஜன் படுக்கை எந்த ஊர்ல இருக்கு, வண்டி வாடகைக்குக் காசு இருக்கா, ஒரு நாள் வேலைக்குப் போகலைன்னா அடுப்பு எரியுமா... இதெல்லாம் கிருமி போட்ட விதிகள் இல்லை. நாம போட்டது.

அரசாங்கக் கணக்கு எப்படின்னா, சமவெளியில் 30 ஆயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலை, பழங்குடிப் பகுதிகளில் 20 ஆயிரம் பேருக்கு ஒன்று. அதற்குக் கீழே துணை சுகாதார நிலையம்: சமவெளியில் 5 ஆயிரம் பேருக்கு, மலையில் 3 ஆயிரம் பேருக்கு. பேப்பரில் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கு. ஆனா தலைக்கணக்கு வேற, தூரக்கணக்கு வேற. நகரத்துல 30 ஆயிரம் பேர் நாலு தெருவுக்குள்ள இருப்பாங்க. கிராமத்துல அதே 30 ஆயிரம் பேர் முப்பது ஊர்ல சிதறிக் கிடப்பாங்க. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு போட்டு பஸ்ஸை நிறுத்தினப்போ, அந்தத் தூரம் அப்படியே ரெண்டு மடங்காச்சு. பஸ் நின்னா நமக்கு காலேஜ் கட். அங்கே சுகர் மாத்திரை கட்!

கட்டை விரல் ரேஸ்

2021 ஜனவரி 16ல் தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க. முதலில் சுகாதாரப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள். மார்ச்சில் 60 தாண்டியவர்கள், ஏப்ரலில் 45 தாண்டியவர்கள். மே 1 முதல் 18 வயதானவர்களுக்கும் கதவு திறந்தது. 45க்கு மேல் இருந்தால் நேரில் போயும் பதிவு செய்யலாம். 18 முதல் 44 வரை? ஆன்லைன் மட்டும்தான். கோவின் தளத்தில் போன் நம்பர் கொடுக்கணும், ஓ.டி.பி. வரணும், பின்கோடு தட்டணும், ஸ்லாட் பச்சையா மாறின நொடியில அமுக்கணும். தட்கல் டிக்கெட்டே தேவலாம்ங்கிற ரேஞ்சுக்கு இருந்தது போட்டி!

இதுல ஜெயிச்சது யாரு? விரல் வேகமும் நெட் வேகமும் இருந்தவங்க. ஸ்லாட் திறந்தா உடனே தகவல் கொடுக்கிற டெலிகிராம் சேனல்கள் வந்தன. தகவல் வந்ததும் நகரத்துப் பசங்க, தங்கள் ஏரியாவில் கிடைக்காத ஊசியை எங்கேயோ இருக்கிற கிராமத்துச் சுகாதார நிலையத்தில் புக் பண்ணி, கார் எடுத்துக்கிட்டுக் கிளம்பினாங்க. மும்பையில இருந்து பால்கர் மாவட்டத்துப் பழங்குடிக் கிராமங்கள் வரைக்கும் இப்படிப் போனாங்க. உள்ளூர்க்காரர், தன் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் வெளியூர் கார்கள் வரிசையா நிற்கிறதை வேடிக்கை பார்த்தார். அவர் கையில இருந்ததோ பட்டன் போன்.

புக் பண்ணினவங்க யாரும் வில்லன் இல்லை பாஸ். உயிர் பயம் எல்லாருக்கும் பொது. தப்பு, ரேஸை வடிவமைச்ச விதத்துல இருந்தது. 2017-18ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் 100 கிராமத்து வீடுகளில் சுமார் 15 வீட்டில்தான் இன்டர்நெட் வசதி. கம்ப்யூட்டர் இருந்தது நாலே நாலு வீட்டில். நகரத்தில் 100க்கு 42 வீட்டில் இன்டர்நெட். இந்த நிலவரத்துல 'எல்லாருக்கும் ஒரே விதி, ஆன்லைன்ல வாங்க'ன்னு சொன்னா, நொண்டியடிக்கிறவனையும் ஸ்பைக்ஸ் ஷூ போட்டவனையும் ஒரே கோட்டுல நிறுத்தி விசில் ஊதின மாதிரிதானே?

போதாக்குறைக்கு, அந்தத் தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழ் உள்ளிட்ட நம்ம மொழிகள் வந்தது 2021 ஜூன் மாதத்தில்! இன்னொரு விஷயம். தடுப்பூசியில் 25 சதவிகிதத்தைத் தனியார் மருத்துவமனைகளுக்கு ஒதுக்கினாங்க. பெரிய தனியார் மருத்துவமனைகள் எங்கே இருக்கு? நகரத்துல. ஜூன் மாதம் அரசு உச்சவரம்பு வைத்த பிறகும், அங்கே ஒரு டோஸ் கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். கூலி வேலை பார்க்கிற குடும்பத்துல நாலு பேர்னா... கணக்கை நீங்களே போட்டுக்கங்க.

இந்த 'டிஜிட்டல் இடைவெளி' பற்றி உச்ச நீதிமன்றமே 2021 மே 31ல் மத்திய அரசைக் கிடுக்கிப்பிடியாகக் கேள்வி கேட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 24ல், அரசு மையங்களில் 18 முதல் 44 வயதினரும் நேரில் பதியலாம்னு விதி தளர்ந்திருந்தது. ஜூன் 21 முதல் 18 தாண்டிய யாரும் நேராகப் போய் ஊசி போட்டுக்கலாம்னு ஆச்சு. நல்ல முடிவுதான். ஆனா இரண்டாவது அலை உச்சத்துல இருந்தது ஏப்ரல்-மே மாதங்கள்ல!

பாட்டிக்கு ஏன் பயம்?

சரி, ஊசி ஊருக்கே வந்தாச்சு. ஜனங்க வரிசை கட்டினாங்களா? அதுவும் இல்லை. உடனே நாம என்ன சொல்வோம்? 'படிக்காத ஜனங்க சார், விழிப்பு உணர்வு இல்லை.' வெயிட் பண்ணுங்க மக்கா. அந்தப் பயத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

2021 ஏப்ரல் 15ல் நடிகர் விவேக், சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கிட்டார். எல்லாரும் போட்டுக்கணும்னு சொல்றதுக்காகவே அரசு மருத்துவமனைக்கு வந்தவர் அவர். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி மறைந்தார். தடுப்பூசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு டாக்டர்கள் அப்பவே சொன்னாங்க; பின்னாடி மத்திய அரசின் நிபுணர் குழுவும் அதையேதான் சொன்னது. ஆனா வாட்ஸ்அப் வதந்திக்கு மூணு நிமிஷம் போதும், நிபுணர் குழு அறிக்கைக்கு மாசக்கணக்கு ஆகும். எத்தனையோ மரக்கன்றுகளை நட வெச்ச மனுஷன் செய்த கடைசி நல்ல காரியத்தையே வதந்தி தலைகீழா மாத்திடுச்சு.

இன்னொரு பயம் இருக்கு. அதை டி.வி. விவாதத்துல யாரும் பேசலை. ஒரு பேரனும் பாட்டியும் பேசிக்கிட்டா எப்படி இருக்கும்னு கற்பனை பண்ணிப் பாருங்க:

"அப்பத்தா, ஊசி போட்டுக்கிட்டியா?"

"போட்டா காய்ச்சல் வருதாம்ல?"

"ரெண்டு நாள்ல சரியாயிடும் அப்பத்தா."

"அந்த ரெண்டு நாள் கூலியை யாருய்யா குடுப்பா?"

கிளீன் போல்டு! அந்தப் பாட்டிக்கு அறிவியல் தெரியாம இல்லை, தன் வீட்டு வரவு செலவு தெரிஞ்சிருக்கு. மாதச் சம்பளக்காரருக்கு ரெண்டு நாள் காய்ச்சல்னா சிக் லீவு. தினக்கூலிக்கு அது ரெண்டு நாள் பட்டினி. இந்தக் கேள்விக்குப் பதில் வைக்காம, 'பயப்படாதீங்க, பாதுகாப்பானது'ன்னு மைக்ல கத்துறதுல என்ன பிரயோஜனம்?

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 2021 நடுப்பகுதி வரை கோவின் கணக்கில் ஊசி போட்ட பெண்கள் ஆண்களைவிடக் கணிசமாகக் குறைவு. போன் இருப்பது வீட்டுக்காரர் கையில். வண்டி ஓட்டுறதும் அவர்தான். 'ஊசி போட்டா குழந்தை பிறக்காது'ன்னு ஒரு டுபாக்கூர் வதந்தி வேற. கர்ப்பிணிகளும் போட்டுக்கலாம்னு மத்திய அரசு அனுமதி கொடுத்ததே 2021 ஜூலை 2ஆம் தேதிதான்.

ஞாயிறு டு சனி!

இனி நல்ல செய்திக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12ல் முதல் மெகா தடுப்பூசி முகாம். 40 ஆயிரம் இடங்கள்; பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சத்துணவு மையம்னு ஊர் ஜனங்களுக்குப் பழக்கமான இடங்களாகவே இருந்தன. இலக்கு 20 லட்சம். போட்டது 28 லட்சத்துக்கும் மேல்! வீட்டுக்குப் பக்கத்துல வந்தா ஜனங்க வர்றாங்க. இதுக்கு பிஹெச்.டி. எல்லாம் தேவையே இல்லை.

அடுத்து நடந்ததுதான் டாப். முகாம்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. சில வாரம் கழிச்சுப் பார்த்தா, கொஞ்சம் பேர் டிமிக்கி கொடுத்தாங்க. காரணம்? ஊசி போட்டா கறி சாப்பிடக்கூடாது, 'சரக்கு' தொடக்கூடாதுன்னு ஒரு நம்பிக்கை. ஞாயித்துக்கிழமை அதுவுமா கறிக்குழம்பை விட்டுட்டு யாரு வருவா? அரசாங்கம் என்ன பண்ணுச்சு தெரியுமா? திட்டலை, கிண்டலும் பண்ணலை. 2021 அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாத்திடுச்சு! அதுக்கான காரணத்தை மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியனே வெளிப்படையாச் சொன்னார்.

சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப சீரியஸா யோசிங்க. ஜனங்களைத் திட்டத்துக்கு ஏத்த மாதிரி வளைக்கிறதைவிட, திட்டத்தை ஜனங்களுக்கு ஏத்த மாதிரி வளைக்கிறது ஈஸி. ஒரு கிழமையை மாத்தினாப் போதும். நான் இந்த வாரம் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான் பாஸ். வைத்தியம் ஒரு இடத்துல உட்கார்ந்துக்கிட்டு 'வா'ன்னு கூப்பிட்டா, முதல்ல வர்றவங்க வசதி உள்ளவங்கதான். வைத்தியமே எழுந்து நடந்து போனாத்தான் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்.

நீலகிரி சொல்லும் பாடம்

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு ஆறு பழங்குடிச் சமூகங்கள். யானை நடமாடுற காட்டுக்குள்ளயும், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவுலயும் சின்னச் சின்னக் குடியிருப்புகள். ஓ.டி.பி. என்ன, அங்கே பல இடத்துல சிக்னலே வராது. கோவின் லாஜிக்படி பார்த்தா இவங்கதான் லிஸ்ட்ல கடைசி.

ஆனா 2021 ஜூன் மாதம் முடிவதற்குள், 18 வயது தாண்டிய பழங்குடி மக்கள் சுமார் 21 ஆயிரம் பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட எல்லாருக்கும், முதல் டோஸ் போட்டாச்சு! அப்போ கலெக்டராக இருந்தவர் இன்னசென்ட் திவ்யா. சுகாதாரக் குழுக்கள் ஜீப்பிலும் நடந்தும் குடியிருப்புகளுக்கே போனாங்க. ஆரம்பத்தில் பயமும் தயக்கமும் இல்லாம இல்லை. அங்கே பேச்சுக்கு முக்கியத்துவம் கொடுத்தாங்க. அவங்க பாஷை தெரிஞ்சவங்க, முன்னாடியே பழகினவங்க போய் உட்கார்ந்து பேசினப்போ கதவு திறந்தது.

இந்தப் பழக்கம் ஒரே மாசத்துல வர்றதில்லை. கூடலூரில் 'அஸ்வினி' அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை 1990ல் ஆரம்பிச்சது. அங்கே ஆதிவாசிப் பெண்களே பயிற்சி எடுத்து நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் வேலை பார்க்கிறாங்க. முப்பது வருஷமா 'நம்ம பொண்ணு' ஊசி போட்டுப் பழகின ஊர்ல, 2021ல் புதுசா ஒரு ஊசி வந்தா எவ்வளவு பயம் குறையும்? நம்பிக்கை ஒரு ரெக்கரிங் டெபாசிட் மாதிரி. பெருந்தொற்று வந்த பிறகு போய் அக்கவுன்ட் ஆரம்பிச்சா ஒண்ணும் தேறாது.

ஊசியில மட்டும் இல்லை, ஆக்சிஜன்லயும் இதே கதைதான். மகாராஷ்டிராவில் நந்துர்பார் மாவட்டம். பழங்குடி மக்கள் அதிகம், பெரிய மருத்துவமனைகள் குறைவு. அங்கே கலெக்டராக இருந்த ராஜேந்திர பாருட், பில் பழங்குடி சமூகத்தில் பிறந்து டாக்டருக்குப் படித்தவர். முதல் அலை ஓய்ந்து, 'அப்பாடா, முடிஞ்சது'ன்னு நாடே மாஸ்க்கைக் கழற்றினப்போ, இவர் மாவட்டத்தில் ஆக்சிஜன் பிளான்ட் கட்டிக்கிட்டிருந்தார். இரண்டாவது அலையில் பெருநகரங்களே சிலிண்டருக்குக் கதறினப்போ, நந்துர்பார் சமாளிச்சு நின்னது. பின்தங்கின மாவட்டம்னு பேர், ஆனா முந்திக்கிட்டு யோசிச்ச மாவட்டம்!

கணக்கில் வராத இழப்பு

பெருந்தொற்று கொன்றது கொரோனா வந்தவங்களை மட்டும் இல்லை. 2019ல் இந்தியாவில் கண்டுபிடிச்சுப் பதிவு செய்த காசநோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020ல் சுமார் 18 லட்சம். சூப்பர், குறைஞ்சிருச்சேன்னு கை தட்டிடாதீங்க. நோய் குறையலை, கண்டுபிடிக்கிறது குறைஞ்சது. மீதிப் பேர் மருந்து இல்லாம, இருமிக்கிட்டே வீட்டுக்குள்ள இருந்தாங்கன்னு அர்த்தம்.

இறந்த பிறகும் தூரம் விடலை. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் உதவித்தொகைன்னு 2021ல் முடிவாச்சு. அதுக்கு கொரோனா உறுதியானதுக்குப் பேப்பர் வேணும். டெஸ்ட்டே எட்டாத ஊர்ல, வீட்டுலயே மூச்சுத் திணறிப் போன அப்பாவுக்கு எந்தப் பேப்பரைக் காட்டுறது?

இந்த ஓட்டையை அடைக்க வந்த திட்டங்களில் ஒண்ணுதான் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாப் போய் பி.பி., சுகர் பார்த்து, மாத்திரையைக் கையில கொடுக்கிறாங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருது. 2024ல் ஐ.நா. விருது வரைக்கும் போனது இந்தத் திட்டம். நான் இதுல பார்க்கிற பெரிய விஷயம் விருது இல்லை. அடுத்த பெருந்தொற்று வந்தா, எந்த வீட்டுல சுகர் பேஷன்ட் இருக்கார், எந்த வீட்டுல தனியா ஒரு பாட்டி இருக்காங்கன்னு தெரிஞ்ச ஒரு அக்கா அந்தத் தெருவுலயே இருப்பாங்க. எந்த ஆப்பும் இதுக்கு ஈடு கிடையாது.

அதுக்கு நாம என்ன பண்ணலாம்?

'கலெக்டர் பண்ணுவார், கவர்மென்ட் பண்ணும், நான் சும்மா ஒரு செகண்ட் இயர் பி.காம்.'னு எஸ்கேப் ஆகாதீங்க. என்.எஸ்.எஸ்.ல இருக்கீங்களா? வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை, ஏழு நாள் கிராம முகாம். வழக்கமா அதுல கோயில் வாசலைப் பெருக்கி, மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்து, ராத்திரி கேம்ப் ஃபயர். ஓ.கே. இந்த வருஷம் கூடவே இதையும் செய்யுங்க.

* அந்த ஊருக்கு ஒரு சுகாதார மேப் போடுங்க. துணை சுகாதார நிலையம் எங்கே, எந்தக் கிழமை திறந்திருக்கும், பஸ் டைம் என்ன, ஆட்டோ வெச்சிருக்கிறது யாரு. பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல பெருசா எழுதி வெச்சுட்டு வாங்க. 108 ஆம்புலன்ஸ், 104 மருத்துவ ஆலோசனை ரெண்டையும் சேர்த்து எழுதுங்க.

* கிராம சுகாதார செவிலியரைச் சந்திச்சுப் பேசுங்க. உங்க ஒரு மணி நேர கெஸ்ட் லெக்சரைவிட அவங்ககிட்ட விஷயம் அதிகம். 'எந்த வீட்டுக்குப் போறது கஷ்டம், ஏன்?'னு கேளுங்க. அந்த வீடுதான் உங்க அசைன்மென்ட்.

* போன் இல்லாதவங்க, தனியா இருக்கிறவங்க, நடக்க முடியாதவங்க பட்டியலை அவங்க கூட உட்கார்ந்து சரி பாருங்க. அந்தப் பட்டியல் செவிலியர்கிட்டதான் இருக்கணும். உங்க இன்ஸ்டா ஸ்டோரியில் இல்லை!

* ஃபேமிலி குரூப்பில் வதந்தி வந்தா, 'அங்கிள், இது ஃபேக்'னு ஒரு வரியில முடிக்காதீங்க. போன் போட்டு, அவர் எதுக்குப் பயப்படுறார்னு முதல்ல கேளுங்க. அப்புறம் பேசுங்க.

* கம்ப்யூட்டர் படிக்கிற மக்கா, நாளைக்கு நீங்கதான் ஆப் எழுதப் போறீங்க. 'இது என் அப்பத்தாவுக்கு வேலை செய்யுமா?'ன்னு டெஸ்ட் கேஸ்ல ஒரு வரி சேருங்க. தமிழ் இருக்கா, ஓ.டி.பி. வரலைன்னா மாற்று வழி இருக்கா, வேற ஒருத்தர் உதவி பண்ணிப் பதிய முடியுமா? இந்த மூணும் இல்லாத ஆப் ஃபெயில். அரியர்!

அடுத்த பெருந்தொற்று எப்போ வரும்னு யாராலயும் தேதி சொல்ல முடியாது. ஆனா வரும்போது நீங்க ஸ்கூல் பசங்களா இருக்க மாட்டீங்க. டாக்டராவோ, வி.ஏ.ஓ.வாவோ, புரோகிராமராவோ, பஞ்சாயத்துத் தலைவராவோ, இல்லேன்னா வெறும் வேகமான விரல் இருக்கிற ஒருத்தராவோ இருப்பீங்க. அன்னைக்கு 'எல்லாருக்கும் ஆல் பாஸ்'னு ஆகணும்னா, கடைசி பெஞ்சுல இருந்து அட்டெண்டன்ஸ் எடுக்க இப்பவே பழகிக்கணும்.

ஸோ, ஹோம்வொர்க்: அந்த மூணு கேள்வி. இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதி வைங்க. அப்பத்தாகிட்ட பேசின மாதிரியும் ஆச்சு!

அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா?